ஒரு வயது கூட்டிச் சொன்னவள்

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் ஃபார்ம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. பரீட்சை முடிவு வந்ததும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு கடைமுன் வரிசை கட்டுவார்கள். அவர்களுடைய கல்லூரி விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்புவது அவள் வேலை. இத்தனை வருடத்தில் அவள் நிரப்பியது ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை. கைராசிக்காரி என்று பேர்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவளே இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவளும் இதே வரிசையில் நின்றவள்தான். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அவள் அம்மாவுக்கு ஆசை. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். தான் துடைத்த தரையில் மகள் நர்ஸாக நடக்க வேண்டும், ஈரம் காயுமுன் மிதித்தால்கூடத் திட்ட மாட்டேன் என்பாள்.

அப்போது வீட்டில் ஃபோன் கிடையாது. ஃபோன் இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் கடை நம்பரையே போட்டுவிடுவார். மெசேஜ் வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்பார். அந்த வருடம் அறுபது வீட்டுக்கு அப்படிச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு நல்ல மனுஷரின் ஞாபகசக்தியில் அறுபது பிள்ளைகளின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துச் செய்தியும் வந்தது. மூன்று நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்த அதை அவர் ஐந்தாம் நாள் பார்த்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அம்மாவும் மகளும் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

"மெசேஜ் அனுப்பியாச்சும்மா. பாக்காதது உங்க தப்பு."

மனசு கேட்காமல் கடைக்காரர் அவளைக் கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் அம்மா ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. படுத்தவளைத் தூக்கி உட்கார வைக்கவும், அடுப்பு எரியவும் அவள் ஒருத்திதான். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம்தான் அம்மா எழுந்து நடமாடி மறுபடி வேலைக்குப் போனாள். போன முதல் நாளே வார்டில் ஒரு நர்ஸைப் பார்த்தாள். மகளோடு ஒரே பெஞ்சில் படித்த பெண். மதிப்பெண் மகளைவிடக் குறைவு. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு ஃபோன் இருந்தது, அப்பாவிடம் தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணம் இருந்தது. அம்மா அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டு, துடைப்பத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த வருஷம் நீ போடற. என்னை நான் பாத்துக்கறேன்."

விண்ணப்பம் தொடங்கிய அன்று அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து கடையைத் திறந்தாள். இத்தனை வருடமும் அடுத்தவருக்கு நிரப்பிய கை, முதல் தடவையாகத் தன் பெயரைத் தட்டியது. ஃபோன் நம்பர் கட்டத்தில் தன் சொந்த நம்பரைப் போட்டு, ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு பிறந்த தேதி. அந்தக் கட்டம் சிவந்தது. வயது வரம்பு கடந்துவிட்டதாம். இந்த வருடம் வரம்பை ஒரு வருடம் இறக்கியிருந்தார்கள். அவளுக்கு நாலு மாதம் கூடுதல்.

அதுவும் காகிதத்தில்தான். சின்ன வயதில் அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நாலு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். அதனால் அம்மா ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனாள். "அஞ்சுன்னு அடிச்சு விட்டேன். பெரிய டீச்சரே நம்பிட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றுவரை சொல்லிப் பூரித்துப்போவாள். வாழ்க்கையில் அவள் ஜெயித்தது அந்த ஒரு இடத்தில்தான். உண்மைக் கணக்குப்படி மகளுக்கு இன்னும் எட்டு மாதம் மீதி இருந்தது. அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யாரும் வாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள்.

"போட்டுட்டியா?"

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டுட்டேம்மா."

"யார் நம்பரு குடுத்த?"

"என் நம்பருதான்."

அம்மாவுக்கு நிம்மதி. அன்றிலிருந்து மகள் வீட்டுக்கு வந்ததும் ஃபோனைக் கையிலிருந்து வாங்கிச் சார்ஜில் போடுவாள். இடுப்பு வலியோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சத்தம் வந்தால் அடுப்படியில் இருக்கிற மகளிடம் எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"வந்துருச்சா பாரு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்ப்பாள். ரீசார்ஜ் விளம்பரம்.

"இல்லம்மா. இன்னும் நாள் இருக்கு."