கேட்டைத் தாண்டாத கறி

பேகம்பூர் சந்தில் குடியிருந்த வரை கதவை ஒருக்களித்துவிட்டுத் தூங்கியவன் நான். என்னிடம் திருட என்ன இருந்தது? தோல் வியாபாரம் கைகொடுத்து, பைபாஸ் பக்கம் மாடி வீடு கட்டிப் போனதிலிருந்து பூனை குதித்தாலும் எழுந்து உட்காருகிறேன். அடுத்த தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தபோது, எங்கள் தெருமுனையில் இரும்புக் கேட்டும் வாட்ச்மேனும் வேண்டும், தெரியாத முகம் உள்ளே நுழையக் கூடாது என்று தெருக்காரர்கள் கூட்டத்தில் அதிகமாகக் கத்தியவன் நான்தான். கேட்டும் வந்தது, வாட்ச்மேனும் வந்தார்.

பக்ரீத் வந்தது. குர்பானி கொடுத்த ஆட்டின் கறியை மூன்றாகப் பிரித்தோம். வீட்டுக்கு ஒன்று, சொந்தங்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. சந்தில் இருந்தபோது தொழுகை முடிந்ததுமே அந்த மூன்றாவது பங்குக்கு வாசலில் ஆள் நிற்கும். இங்கே மதியமாகியும் ஒருவர்கூட வரவில்லை.

"என்னங்க, கறி நெறம் மாறுது. வாங்க ஆளில்லைன்னா இந்தக் குர்பானி கூடுமா, அல்லா ஏத்துக்குவானா?" என்றாள் மனைவி.

இருக்கிற திருட்டுப் பயம் போதாதென்று மறுமைப் பயமும் சேர்ந்துகொண்டது. கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பேகம்பூருக்கு வண்டியை விட்டேன். பதற்றத்தில் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, யார் வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தேன்.

"ஏலே, யாருலே அது? பையில என்ன?"

விளக்குமாற்றை ஓங்கியபடி ஒரு பெண். ஹெல்மெட்டைக் கழற்றினேன். எங்கள் பழைய எதிர்வீட்டு அக்கா.

"அட நீயா! போன வாரந்தான் ரெண்டு வீட்டுல சிலிண்டரைத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க."

"இங்கயுமா திருடுறாங்க?"

"இங்கதானப்பா திருடுவாய்ங்க. உங்க பக்கம் கேட்டு, கேமரா. ஒரு செருப்பு காணோம்னாலும் ஜீப்பு வருது. எங்களுக்கு யாரு வாரா?"

பையை நீட்டினேன். அவள் கை நீளவில்லை.

"காலையில வரலையேக்கா?"

"வந்தோமே. உங்க வாட்ச்மேன் வரிசையா நிக்கவச்சு போட்டோ புடிக்கப் போனான். நல்ல நாளும் அதுவுமா களவாணி மாதிரி மொகத்தைக் காட்டணுமான்னு திரும்பிட்டோம்."

"இனிமே ஒருத்தனும் நிறுத்த மாட்டான்க்கா."

அக்கா பையை வாங்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அடுத்த வருசம் வருவோம். நிறுத்துறானான்னு பாக்குறேன்."

திரும்பியதும், கறி வாங்க வருகிறவர்களை இனி நிறுத்த வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சரி சார். நாளைக்கு ஏதாச்சும் காணாமப் போனா யாரு பொறுப்புன்னு கேப்பாங்களே?"

"நான்தான்னு சொல்லு" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக பீரோவைப் பூட்டினேன். அசிங்கமாக இருந்தது. திறந்தேன். ஒரு வாய் டீ குடித்துவிட்டு மறுபடி பூட்டினேன்.