தபால் வண்டில்காரரின் மனைவி

எங்கள் குடியேற்றத் திட்டத்திலிருந்து வவுனியாவுக்குப் படம் பார்க்கப் போவதென்றால் ட்ரக்டர் பெட்டியில்தான் போவோம். அந்த முறை பெட்டியில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் முல்லைத்தீவு வீதியில், காட்டுக்குள் வைத்துத் தபால் வண்டில்காரர் ஒருவரை வெட்டிக் கொன்று பணப்பையைக் கொண்டுபோன வழக்கைப் படமாக எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கதை திரையில் வருகிறதென்று எல்லோருக்கும் பெருமை.

பக்கத்துக் காணி அக்கா தன் தாயாரோடு வந்திருந்தார். அவர்கள் முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்கள். நாங்களெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால் அவர்களுடைய பழைய கதை இங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும், புறப்படும்போதுதான், அக்கா மெதுவாகச் சொன்னார்.

"வெட்டுப்பட்டது என்ரை அப்பா. அவரின்ரை முகம் எனக்குத் தெரியாது, வீட்டிலை ஒரு படமும் இல்லை. திரையிலை எண்டாலும் ஒருக்கால் பாக்கவேணும் எண்டு அம்மா ஒற்றைக் காலிலை நிக்கிறா. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

அக்காவின் அம்மா அதுவரை தியேட்டருக்குள் போனதில்லை. வெள்ளைச் சேலை உடுத்து, நெற்றி நிறைய நீறு பூசி, கோயிலுக்கு வருவதைப்போல வந்தார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் அமர்ந்தார். இது உண்மைச் சம்பவம் என்று முதலில் எழுத்துப் போட்டார்கள். வண்டில்காரர் திரையில் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு உயரமில்லை," என்றார். "ஆனால் சிரிப்பு அப்பிடித்தான்."

பிறகு வண்டில்காரரின் மனைவி வந்தாள். கண்ணுக்கு மை, கொண்டை நிறையப் பூ. கணவன் வேலைக்குப் போனதும் கொலைகாரனுக்குப் படலை திறந்துவிட்டாள். பணப்பை என்றைக்குப் போகிறதென்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"ஆர் பிள்ளை இந்தப் பொம்பிளை?" என்று அம்மா கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தெரியேல்லை அம்மா," என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டார்.

பகல் காட்சி முடிந்து திரும்பும்போது பெட்டிக்குள் ஒரே வாதம். படத்தில் வந்தது எங்கள் காடே இல்லை என்றார் ஒருவர். "முதிரையும் பாலையும் நிக்கிற காட்டிலை தென்னை எங்கையிருந்து வந்தது?" இன்னொருவருக்கு மாடுகள் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துப் பொலிசுக்காரன் அப்படித் தொப்பி போடமாட்டான் என்றார் வேறொருவர். அதற்கொரு சண்டை, பிறகு சிரிப்பு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்தான் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"தொப்பியை விடுங்கோ. கதை சரி. எல்லாம் அந்தப் பெண்சாதியாலை வந்த வினை."

"ஓம், ஓம்," என்றார்கள் எல்லோரும்.

"அவள் அப்ப பிள்ளை பெத்துக் கிடந்தவள்," என்றார் அம்மா. "துடக்குக்கூடக் கழியேல்லை. அறையை விட்டு வெளியிலை வரேல்லை. செத்த வீட்டிலைகூடப் புருசன்ரை முகத்தைத் தூரத்திலை இருந்துதான் பாத்தவள்."

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"நான்தான் அவள்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மனேச்சர் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி, நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அம்மா, அவங்கள் கோட்டு வழக்கெல்லாம் பாத்துத்தான் படம் எடுத்திருப்பாங்கள். சும்மா எடுப்பாங்களே?"

"அம்மா சொல்லுறது உண்மை!" என்று நான் கத்தினேன்.

"நீர் அப்ப பிறக்கவே இல்லையே, பிள்ளை," என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். மிச்சத் தூரம் ஒருவரும் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் இரண்டாம் தடவை படம் பார்க்கச் சிலர் போனார்கள். அம்மா வாய்க்காலில் குளிக்கும்போது போய் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அக்காவின் மகளுக்கு நெடுங்கேணியில் ஒரு சம்பந்தம் பேசி, பெண் பார்க்க நாளும் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பலகாரம் சுட்டு, கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டுப் பொழுதுபடும்வரை காத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. காரணம் சொல்லியும் ஆள் அனுப்பவில்லை. நானும் அக்காவும் கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

என் கணவர் சைக்கிளில் வவுனியாவுக்குப் போய்த் தியேட்டர்காரரிடம் படத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். "தம்பி, படப்பெட்டி கொழும்பிலை இருந்து வருது. வாறதை ஓட்டுறது மட்டும்தான் என்ரை வேலை," என்றாராம் அவர். கொழும்பில் யாரைப் பிடித்துக் கேட்பது? எங்கள் இருவருக்கும் அங்கே ஒருவரையும் தெரியாது.

அம்மா அழுததை நான் காணவில்லை. முன்பெல்லாம் கணவரைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அவர் மாட்டை அதட்டுகிற விதம், மீன் குழம்புக்குப் புளி காணாதென்று செய்கிற முறைப்பாடு. இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் நான் முருங்கைக்காய் கொண்டுபோனபோது குசினி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, அந்தப் படம் இப்ப எங்கை ஓடுது?"

"வவுனியாவிலை எடுத்திட்டாங்கள் அம்மா."

"முல்லைத்தீவுக்குப் போகுமோ? அங்கை என்னை எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தெரியாதென்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார்.