ஏணியில் இறங்கியவர்

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துவர காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் அவர். உடைந்த முகப்பு விளக்கின் முன் குந்தி உட்கார்ந்து, கண்ணாடித் துண்டுகள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மரத்தில் மோதிவிட்டேன் என்று சொன்ன ஒருவரிடம், "மரம் சுத்தியல் மாதிரி வட்டமா இடிக்காது சார்" என்று சொல்லிப் பேனாவை மூடியவர். இந்தக் கதையை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதம் ஒருமுறை சொல்வார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

நண்பர்களுக்கும் அவர் சர்வேயர்தான். அவரோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வருடா வருடம் இலை உதிரும் பருவத்தில் சைக்கிள்களைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். மரக் குடில் ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் தங்குவார்கள். மூவருக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது. முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம், முகத்தை மூடும் ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு குடிலை விட்டு வெளியே வந்தால் போருக்குப் போகிறவர்கள் போலத்தான் இருக்கும். காலை நீட்டி ஷூ போட மட்டும் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டும்.

அந்த மலைப் பாதையில் ஏணி என்று ஓர் இடம் உண்டு. முழங்கால் உயரப் பாறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். நடுவில் வேர்கள். வேர்களின் மேல் ஈர இலை. எந்த இடத்தில் சக்கரத்தை விடுவது என்பதுதான் வித்தை. அதற்கு லைன் என்று பெயர். லைனைப் பற்றிச் சர்வேயருக்குத் தெரியாதது இல்லை. மேலே நின்று கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார்.

"இடது ஓரமா விடு. ரெண்டாவது பாறையில பிரேக்கத் தொடாதே. வண்டிக்கு வழி தெரியும், நீதான் நடுவுல தொந்தரவு பண்றே."

மற்ற இருவரும் அவர் சொன்ன லைனில் இறங்குவார்கள். அவர் கடைசியில் வருவார். பின்னால் ஓர் ஆள் இருப்பது பாதுகாப்பு என்பது அவர் ஏற்படுத்திய ஏற்பாடு.

எட்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட ஏணியில் இறங்கியதில்லை.

மற்றவர்கள் போன பிறகு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நடப்பவர்களுக்காகப் போட்டிருக்கும் படிக்கட்டு வழியாக இறங்குவார். கீழே பாதை ஓர் ஓடையை நோக்கித் திரும்புகிறது. நண்பர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் சைக்கிளில் ஏறி, நாலு மிதி மிதித்து, பிரேக் கிறீச்சிட வந்து நிற்பார். "இந்த வருஷம் லைன் கொஞ்சம் மாறியிருக்கு" என்பார். மூச்சு வாங்கும். அது நடித்ததல்ல. சைக்கிள் பதினைந்து கிலோ.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் ஏணியில் விழுந்தார். விழுந்தவர் மறுநாள் காலை அதே இடத்தில் இறங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பயம் உள்ளேயே தங்கிவிடும் என்று சர்வேயர் அப்போது ஒரு விதி போட்டார். மறுநாள் மேலே நின்று டாக்டரை இறங்கவும் வைத்தார். டாக்டர் கண்ணில் தண்ணீரோடு இறங்கினார். அன்றிலிருந்து அது அவர்களுக்குச் சட்டம்.

இந்த வருடம் மைத்துனனும் வந்திருந்தான். மனைவியின் தம்பி. அக்காவும் தம்பியும் தினமும் போனில் பேசுகிறவர்கள். மாமா மலையில் சிங்கம் என்று எட்டு வருடமாகக் கேட்டு வளர்ந்தவன். சாப்பாட்டு மேசையில் சர்வேயருக்கு மிச்சமிருந்த ஒரே ரசிகன். அவனை அழைத்து வந்திருக்கக் கூடாது என்று ஏணியின் உச்சிக்கு வந்ததும் சர்வேயருக்குத் தோன்றியது. மற்ற இருவரும் முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள்.

"மாமா, நான் இங்கயே நின்னு நீங்க இறங்கறதப் பாக்கட்டுமா?"

"வேணாம் மச்சான். ஆள் பாத்தா எனக்குக் கவனம் சிதறும். நீ போ."

அவன் போனான். முதல் முறை என்று சொல்ல முடியாதபடி போனான். சர்வேயர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். தோளில் தூக்க வெறும் கைதான் வசதி.

இலைக் குவியலில் சக்கரம் நழுவியது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சைக்கிள் முதல் பாறையைத் தாண்டிவிட்டது. இடது ஓரமாகவே போனது. இரண்டாவது பாறையில் பிரேக் பிடிக்க யாரும் இல்லை. ஒரு துள்ளு துள்ளி, நிமிர்ந்து, கடைசிப் பாறை வரை அவர் சொல்லி வந்த லைனை விட்டு விலகாமல் இறங்கித் திருப்பத்தில் மறைந்தது. ஓடைத் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. பிறகு லிஃப்ட்காரரின் குரல்.

"ஐயோ, வண்டி மட்டும் வருது. ஆளக் காணோம்."

மூன்று பேரும் மேலே ஓடிவரும் சத்தம். கவசத்தோடு ஏற இரண்டு நிமிடமாவது ஆகும். விழுந்தேன் என்று சொல்லலாம். விழுந்தவன் என்பது கௌரவமான பெயர்தான். இறங்க முயன்றவன்தான் விழுவான்.

சர்வேயர் மூன்றாவது பாறை வரை உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனார். முதுகில் சேற்றைப் பூசினார். கவசத்தைக் கீழே தள்ளி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையைப் பாறையில் ஒரே திசையில் இழுத்தார். மேலிருந்து கீழாக. அந்த விஷயத்தில் தொழில் அவரைக் கைவிடவில்லை. ரத்தம் வந்தது. எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்துகொண்டு மல்லாந்து படுத்தார்.

டாக்டர்தான் முதலில் வந்தார். "யோவ், இது எத்தன விரல்?"

"மூணு."

"தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

லிஃப்ட்காரர் சர்வேயரின் ஷூவைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். டாக்டர் கவசத்தை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி, காயத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மைத்துனன் காயத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தான். புதுச் சட்டை. முழங்கையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"மாமா, சட்டை கிழியலையே."

"நல்ல துணிடா" என்றார் சர்வேயர்.

அவன் தலையாட்டிக்கொண்டு சட்டையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டான். அதுதான் அவருக்கு வலித்தது.

சாயங்காலம் குடிலில் ஹீட்டர் மேல் எட்டு சாக்ஸ்கள் காய்ந்துகொண்டிருந்தன. டாக்டரும் லிஃப்ட்காரரும் சமையல் மேடையில் சூப் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டு, நாளைக்கு அவரை எப்படி இறக்குவது என்று பேசினார்கள். உள்ளறையில் மேல்கட்டிலில் மைத்துனன். கீழ்க்கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு சர்வேயர்.

"மாமா, அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"என்னன்னு?"

"விழுந்துட்டீங்கன்னு."

"வேணாம். பயந்துக்குவா."

கொஞ்ச நேரம் மேலே கட்டில் முனகியது.

"அப்ப, விழலன்னு சொல்லட்டுமா?"

சர்வேயர் மேல்கட்டிலின் பலகையைப் பார்த்தார். அதில் யாரோ பேனாவால் ஒரு சைக்கிள் வரைந்திருந்தார்கள். "சூப் ஆயிருச்சான்னு பாரு" என்றார்.

மறுநாள் காலை நால்வரும் ஏணியின் உச்சியில் நின்றார்கள். கட்டு போட்ட கை என்பதைச் சட்டம் ஏற்கவில்லை. டாக்டர் அன்று இறங்கியபோது அவருக்கு விலா வலித்தது, யாரும் விடவில்லை. சர்வேயர் கீழே பார்த்தார். எட்டு வருடம் பேசிய இடம். ஒவ்வொரு பாறையும் மனப்பாடம். இறங்கினால் கழுத்து போகும். இறங்காவிட்டால் பெயர் போகும். பெயரே போகட்டும் என்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் அது துணிச்சலான காரியம்.

"இங்க பாருங்க. நான் இதுல இறங்கினதே இல்ல."

லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எட்டு வருஷமா படிக்கட்டுலதான் வர்றேன். நேத்தும் விழல. வண்டி தானா போச்சு. கைய நானே தேச்சுக்கிட்டேன்."

டாக்டர் அவர் அருகே வந்து கண் இமையை விரலால் விரித்துப் பார்த்தார். தலையும் பல்லும் ஒரே எலும்பைச் சேர்ந்தவை என்பதால் தலையைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறவர்.

"நான் நேத்தே நெனச்சேன்" என்றார் லிஃப்ட்காரரிடம். "தலையில அடிபட்டா பழசு மறந்துபோகும். சில பேருக்குப் புதுசா ஏதாவது ஞாபகமும் வரும்."

"யோவ், மறதி இல்லய்யா. நெசமாத்தான் சொல்றேன்."

"எட்டு வருஷமா எங்களுக்கு லைன் சொல்லிக் குடுத்ததே நீதான்" என்றார் லிஃப்ட்காரர். "நீ இறங்காமலா நாங்க இறங்கினோம்?"

சர்வேயர் மைத்துனனைப் பார்த்தார். "மச்சான், நீயாவது சொல்லேன்."

அவன் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டான். "நான் இந்த வருஷம்தான வந்தேன் மாமா. பழசெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

அதோடு விசாரணை முடிந்தது. தனியாக அனுப்ப வேண்டாம், பிடித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கருணையாக விதியைத் தளர்த்தினார். சர்வேயரைச் சீட்டில் உட்கார வைத்தார்கள். லிஃப்ட்காரர் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தார். டாக்டர் ஹேண்டில்பாரை முன்னாலிருந்து பிடித்துப் பின்பக்கமாக நடந்தார். மைத்துனன் போனில் படம் எடுத்தான்.

இப்படியாகச் சர்வேயர் முதன்முதலாக ஏணியில் இறங்கினார். ஒரு பாறைக்கு ஐந்து நிமிடம்.

"பிரேக்க விடு" என்றார் டாக்டர்.

"விட மாட்டேன்" என்றார் சர்வேயர்.

நான்காவது பாறையில் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கைத்தடி ஊன்றிய ஒரு வயதான அம்மாள். அன்று படிக்கட்டில் மரம் விழுந்து கிடந்ததால் இந்தப் பக்கம் இறங்கி வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"பாவம். இவருக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும்மா" என்றார் லிஃப்ட்காரர். "நேத்து இங்க விழுந்துட்டார். அதான்."

"நான் விழல" என்றார் சர்வேயர். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் சின்னதாக வந்தது. "நான் விழவே இல்லம்மா."

"விழலையா? ரொம்ப நல்லது" என்றார் அந்த அம்மாள், அவர்களைத் தாண்டி அடுத்த பாறையில் இறங்கியபடி. "அப்படியே பிடிச்சுக்கிட்டே போங்க."