செவலையின் காதுவில்லை

போட்ஸ்வானாவில் நான் பணிக்குச் செல்லும் வழியில் ஒரு கம்பிவேலி குறுக்கிடுகிறது. கோமாரி நோய் ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாதிருக்க இட்ட வேலி. கடப்பவர் ஒவ்வொருவரும் வண்டியை விட்டிறங்கி, கிருமி கொல்லும் சலவைச்சோடாக் கரைசல் நிரம்பிய தட்டில் செருப்புக்காலை நனைத்த பின்னரே அப்பால் போகவேண்டும். நான் கால்நடை மருத்துவர். அதன் தேவையை நன்கறிந்தவள். ஆயினும், வந்த மண்ணைக் கழுவிவிட்டு வா என்று யாரோ சொல்வதுபோல் முதல் நாளிலிருந்தே கூசுகிறது.

சென்ற மாதம் உண்ணி ஒழிப்பு நாளில், மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டியில் குதித்து, மருந்துநீரில் நீந்தி மறுகரை ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கிடாரி மட்டும் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அதன் உடைமையாளர் ம்மா நேயோ மறுகரையிலிருந்து அதன் பெயரை ஒருமுறை சொன்னார். ('ம்மா' என்பது இங்கு பெண்களுக்குரிய மரியாதை விளி.) கிடாரி குதித்துவிட்டது. கரையேறியதும் அதன் காதில் குத்திய அடையாள வில்லையைக் கருவியால் படித்தேன். பிறந்த பட்டி, தாய், இட்ட மருந்துகள், உடைமையாளர் என யாவும் திரையில் விரிந்தன. நேரில் வந்து நில்லாதவர் பெயரில் நான் எந்த மாட்டையும் பதிவதில்லை.

"உனக்கு எத்தனை மாடுகள்?" என்றார் ம்மா நேயோ.

"ஒன்று."

அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஐயோ, மற்றவை எந்த நோயில் போயின?"

எப்போதுமே ஒன்றுதான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "அதுவாவது கூப்பிட்டால் வருமா?"

"வரும்" என்றேன், பெருமிதத்துடன்.

அந்த ஒன்று செவலை. ஊரில், புதுக்கடைக்கருகே அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது. என் முதற்சம்பளத்தில் கன்றாக வாங்கியது. உண்ணி பிடுங்கும்போது என் தோளில் தாடையைச் சாய்த்துக் கண்மூடும். விமானம் ஏறிய நாளில் கயிற்றை மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், கையில் கொடுத்துவந்தேன். மாட்டைக் கொடுக்கவில்லை.

அன்று உணவு வேளையில் மைனியைக் காணொளியில் அழைத்து, தொழுவத்துக்குப் போகச் சொன்னேன். "செவலே! செவலே!" அது அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"போனுக்குள்ள இருந்து கூப்பிட்டா பசுவுக்கு என்ன தெரியும் மக்கா?" என்று சிரித்தார் மைனி. பிறகு செவலையிடம், "ஏட்டி, இஞ்ச பாரு" என்றார்.

உடனே கழுத்தைத் திருப்பியது. திரும்பிய காதில் மஞ்சள் வில்லை.

"இது எப்ப குத்துனது மைனி?"

"போன மாசம் மாட்டாஸ்பத்திரியில இருந்து வந்தாவ. யாரு பேருல எழுதணும்னு கேட்டாவ. நான்தான நின்னேன், எம் பேரச் சொன்னேன். ஏன், நீ உண்ணி பிடுங்க வாறியா?"

அவர் செய்ததில் பிழையில்லை. அங்கு பதிந்தவள் நானாயிருந்தாலும் அவர் பெயரையே எழுதியிருப்பேன். அதனாலேயே என் பொறாமைக்கு ஒதுங்கவும் இடமில்லாமற் போயிற்று. பெயர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கழுத்துத் திருப்பத்தைப் பொறுக்க முடியவில்லை. மைனியின் தோளிலும் தாடையைச் சாய்க்கிறதா என்று கேட்க நாவெழவில்லை. ஆம் என்றுவிட்டால் என்ன செய்வேன்?

இன்று காலை வேலியருகே ம்மா நேயோ எதிர்ப்பட்டார். ஒரு கால் சோடா நீரிலும் மறுகால் வறண்ட மண்ணிலுமாக நின்றிருந்தேன்.

"உன் ஒற்றை மாடு கூப்பிட்டால் வருகிறதா?"

"வருகிறது" என்றேன்.

யார் கூப்பிட்டால் என்று அவர் கேட்கவில்லை.