கணக்கில் குறைந்த துகள்

போன வாரம் வரிச்சிக்குடியிலிருந்து பேருந்தில் வந்த உறவினர்தான் சொன்னார், அந்தோணிசாமி காலமாகிவிட்டார் என்று. எந்த அந்தோணிசாமி என்று கேட்டேன். அந்தப் பெயரில் எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

நாங்கள் காரைக்காலில் ஒரே வகுப்பு. பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், பௌதிகத்தில் ஆளுக்கொரு தலைப்பில் வகுப்பின் முன் பேசச் சொன்னார்கள். நான் நெம்புகோலை எடுத்துக்கொண்டேன். பிழைக்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அந்தோணிசாமி எடுத்ததோ நியூட்ரினோ, அதுவரை யாருமே பார்த்திராத துகள். எதற்கு இந்த வம்பு என்றேன். ஆசிரியரும் மாற்றச் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை.

பிரெஞ்சில் படித்ததைத் தமிழில் சொன்னார். இடையே புதிதாகக் கற்ற ஆங்கிலமும் புகுந்தது. நாங்கள் திருதிருவென்று விழித்தோம். சில அணுக்கள் சிதையும்போது சக்திக் கணக்கில் கொஞ்சம் குறைகிறது, குறைந்ததை ஏதோ ஒன்று எடுத்துப் போகிறது என்பது மட்டும் புரிந்தது. பார்க்காததை இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம் என ஆசிரியர் கேட்டார்.

"பாக்கலைங்கறதுக்காக இல்லன்னு எழுதிட முடியாதுங்க" என்றபோது அவர் குரல் உடைந்தது. ஒரு துகளுக்காக யாராவது அழுவார்களா? குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய அண்ணன் சவரிமுத்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போனவர். சண்டை முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர் வரவில்லை, இறந்ததாகத் தகவலும் இல்லை. இது ஊருக்கே தெரியும். என் மரமண்டைக்குத்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஒருநாள் நான் அந்தோணிசாமி வீட்டில் காத்திருந்தேன். கையில் பத்திரிகையோடு ஓடிவந்தார். "கண்டுபிடிச்சிட்டாங்கடா" என்றார். அடுப்படியிலிருந்து அவருடைய அம்மா மாவுக் கையோடு வந்து நின்றார்.

"எங்கடா இருக்கான்?"

அவர் நியூட்ரினோ செய்தி வந்திருந்த பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவர் நியூட்ரினோ பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தோணிசாமி தன் அப்பா பெயரைக் கொடுத்தார், பிறகு அம்மா பெயரையும். அண்ணன் பெயரை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. ஒருமுறை கேட்டுவிட்டேன். "நாம குடுத்தா, நாமளே முடிச்சு வச்ச மாதிரி ஆயிடும்டா" என்றார்.

அவருடைய பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். இந்த வருடம் குடும்பப் பெயர்களை என்னைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயதைப் பார்த்தால் சவரிமுத்து இருக்க வழியில்லை. ஆனாலும் அப்பா, அம்மா, அந்தோணிசாமி என்று எழுதி நிறுத்திவிட்டேன்.

போய் வா, அந்தோணி. அண்ணன் அங்கே இருக்கிறாரா என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அதனால் நான் எழுதவில்லை.