ஐஸ் பெட்டியோடு ஓடுபவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்பிரஸ் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ஐந்தாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் வெட்டியெடுக்கும் புற்றுக்கட்டியிலிருந்து ஒரு துண்டை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் என் லேபுக்கு ஓடி வருவது அவர் வேலை. லிஃப்டை நம்ப மாட்டார். "அது மாமியார் மாதிரி மேடம், எப்ப மூஞ்சியத் தூக்கிக்கும்னு தெரியாது" என்பார். அவர் படியிறங்கினால் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள், பெரிய டாக்டர் உட்பட.

எதற்கு இந்த ஓட்டம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கட்டி நெருக்கியடித்துக்கொண்டு வளர்கிற சனியன். ரத்தக் குழாயை ஒட்டி இருக்கும் செல்களுக்கு ஆக்ஸிஜன் கிடைக்கும்; நடுவில் மாட்டியவற்றுக்குக் கிடைக்காது. மூச்சு முட்டினால் செத்துத் தொலைய வேண்டியதுதானே? எல்லாம் சாகாது. சும்மா கிடந்த சில மரபணுக்களை எழுப்பிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். புது ரத்தக் குழாயை வரவழைக்கும், வேறு இடத்துக்குப் பரவும், மருந்துக்கும் அசையாது. அந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. ஆனால் வெட்டியெடுத்த நொடியே துண்டுக்கு ரத்தம் நின்றுபோகிறது. தாமதித்தால் வருகிற வழியிலேயே அவை விழித்துக்கொள்ளும். ஐஸ் கொஞ்சம் தள்ளிப்போடும், தடுக்காது. அப்புறம் அதற்கு மூச்சு முட்டியது உடம்புக்குள்ளா, படிக்கட்டிலா என்று எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வந்த கையோடு வாங்கித் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்துவிடுவேன்.

எக்ஸ்பிரஸுக்கு உலகத்தில் இருந்தது ஓர் அக்கா. அம்மா போன பிறகு இஸ்திரி போட்டே அவரை வளர்த்தவர். தம்பிக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். அந்த அக்காவுக்கு இடுப்பில் கட்டி வந்தது. வழக்கமான மருந்து எதுவும் கேட்கவில்லை. புது மருந்து ஒன்று இருந்தது. அந்த மரபணுக்கள் விழித்திருக்கும் கட்டிக்குத்தான் அது வேலை செய்யும். மற்றவர்களுக்குக் கொடுத்தால் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆபரேஷன். இரண்டாம் தடவை கத்தி வைக்கத் தாங்கும் உடம்பில்லை.

முந்தின நாள் நானும் வார்டுக்குப் போயிருந்தேன். "ஊரான் வீட்டுக் கட்டிக்கெல்லாம் ஓடுற. என்னோடதுக்கு எப்படி ஓடுறேன்னு பாக்கறேன்டா" என்று அக்கா சீண்டினார்.

"பறந்துருவேன்க்கா."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "நாளைக்கு வேற ஆள் எடுத்துட்டு வரட்டும்யா."

"என்ன மேடம் பேசறீங்க? எங்கக்காவோடத எவனோ அசமந்தம் கையில குடுப்பனா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் தியேட்டரிலிருந்து போன் வந்தது, பெட்டி கிளம்பிவிட்டது என்று. நைட்ரஜனைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஆளைக் காணோம். கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி ஓடினேன்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் திறந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

"யோவ்! என்ன காரியம்யா பண்ணிட்ட!" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குப்பிக்குள் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடி மேல அவ பேரைப் பாத்ததும் காலு ஓடல மேடம். ஒரே ஒரு தடவை பாத்துக்கலாம்னு... இத்தனூண்டு மேடம். இதுவா எங்கக்காவத் தின்னுச்சு?"

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். உறையவும் வைத்தேன். பிரயோஜனமில்லை என்று என் கைக்கே தெரிந்தது. தியேட்டரில் மீதி இருந்ததெல்லாம் அதற்குள் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிவிட்டது. இந்தச் சோதனைக்கு உதவாது.

தாமதமானதை யாரிடமும் சொல்லாமல் நான் இருந்திருக்கலாம். சோதனையில் மரபணுக்கள் விழித்திருப்பதாக வந்திருக்கும், மருந்தும் கிடைத்திருக்கும். நான் யோசித்துக்கொண்டு நின்றபோது அவர் வாசலில் வந்து நின்றார்.

"லேட்டுன்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க மேடம். கூடாத மருந்தை ஏத்தி, அதுவே அவளைக் கொண்டுபோயிட்டா நான் எப்படி இருப்பேன்?"

டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். டாக்டர் அந்தத் துண்டை ஒதுக்கச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு நன்றாக மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். "என்னடா, பறந்தியா?"

"இல்லக்கா. படியில உக்காந்துட்டேன்." ஒன்று விடாமல் சொன்னார். இனி அந்த மருந்து கிடையாது என்பதையும் சொன்னார்.

அக்கா கையை நீட்டித் தம்பியின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். "பறந்தேன்னே சொல்லியிருக்கலாமேடா" என்றார். நான் வார்டை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

எக்ஸ்பிரஸ் இப்போதும் ஓடுகிறார். பெயர்ச்சீட்டைப் பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டச் சொல்லிவிட்டேன். சில நாள் பெட்டியைக் கொடுத்த பிறகும் போகாமல் நிற்பார்.

"அந்த மருந்து அவளுக்குக் கேட்டிருக்குமா மேடம்?"

"தெரியாதுய்யா" என்பேன். அதைச் சொல்லியிருக்கக்கூடியது அந்த ஒரு துண்டுதான்.