ஒரு மணி பத்து நிமிஷம்

என் பிள்ளைகள் இரண்டு பேரும் மாலத்தீவில் இருக்கிறார்கள். மகன் தலைநகர்ப் பக்கம் ஓட்டலில் சமையல். மகள் தெற்குக் கோடியில் ஒரு தீவில் நர்ஸ். இரண்டு இடத்திலும் விமான நிலையம் உண்டு. நடுவில் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடல் என்று போனில் பார்த்தேன். மலைக்காரிக்குக் கிலோமீட்டர் எதற்கு? இங்கே தூரத்தை நேரத்தில்தான் சொல்வோம். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிஷம். குமுளியிலிருந்து கம்பம் இறங்கி, காய்கறி வாங்கித் திரும்பவே எனக்கு அரை நாள் ஆகிவிடும்.

அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தை இரண்டும் மூன்று வருஷமாகக் கடக்கவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு மகன் வரவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான், அவன்தான் என்ன செய்வான்? "அப்பா குழியில ஒரு பிடி மண்ணு போட வராதவன் எனக்கு அண்ணனே இல்ல" என்று மகள் கத்தினாள். அவனும் ரோஷக்காரன். பேச்சு நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடிக்கும். "அவ பேசுனாளாம்மா? என்னப்பத்தி என்ன சொன்னா?" என்பான். அவன் வைத்ததும் இவள். "அவன் ஒழுங்கா சாப்பிடுறானாம்மா?" நானும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத்தான் சொல்வேன். கஞ்சி ஆறிப்போகும், போகட்டும். வாரம் முழுக்க ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துவிட்டு, ஏனென்று கேட்க ஆளில்லாத வீட்டுக்கு வருகிறவளுக்கு அதுதான் திருவிழா.

ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் மகனைப் பிடித்துக்கொண்டேன். "ஏலே, கொச்சி ஏர்ப்போர்ட்டுக்குப் போகவே எனக்கு அஞ்சு மணி நேரம் ஆகும். உனக்கு அவகிட்டப் போக ஒரு மணி பத்து நிமிஷம். கால் ஒடிஞ்சா போச்சு?"

ஈஸ்டருக்குப் போனான். இருவரும் ஒரே தட்டில் மீன் தின்கிற போட்டோ வந்தது. கடையில் ஒருத்தி விடாமல் காட்டி அழுதேன்.

அதோடு என் ஞாயிறு போயிற்று. "நல்லாருக்கியாம்மா? மருந்து சாப்பிட்டியா? சரி, வச்சிரட்டா?" அவ்வளவுதான். கஞ்சி இப்போதெல்லாம் சுடச்சுட இருக்கிறது, குடிக்கத்தான் பிடிக்கவில்லை. எனக்குப் பொறாமை, அதுவும் நான் பெற்றதுகள் மேலேயே. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு போன் அடிக்கவே இல்லை. சாயங்காலம் நானே மகனைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சி உன்னப்பத்தி ஒண்ணு சொன்னாடா" என்றேன்.

"என்னம்மா சொன்னா?"

அதே பழைய பதற்றம். எத்தனை நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு! கோள் ஒன்று மூட்டினால் போதும், இரண்டும் மறுபடி என்னிடம் வந்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டு, ஈஸ்டரன்று மகள் மெய்யாகவே சொன்னதைச் சொன்னேன்.

"உன் மீன் குழம்பு அப்பா வைக்கிற மாதிரியே இருக்காம்."

"அத நேர்லயே சொல்லிட்டாம்மா. இங்கதான் பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கா." பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. "சோறு ஆறுதும்மா, அப்புறம் கூப்பிடுறோம்."